அந்தியூர்க் குதிரைகளும் என் ஆராய்ச்சிப் பட்டமும்

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு கூகுள் படிவம் வந்தது. நான் ஓய்வுபெற்ற கல்லூரியின் ஓவியத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் அனுப்பியிருந்தாள். 'சமீபத்தில் கோவைக்கு வந்த பயண ஓவியக் கண்காட்சி உங்களுக்கு எந்த அளவுக்குப் பயனுள்ளதாக இருந்தது?' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள். கொஞ்சமும் யோசிக்காமல் ஐந்தையும் அமுக்கி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அந்தக் கண்காட்சிக்கு நான் போகவே இல்லை. முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் வீடு கணபதியில். வீட்டை ஒட்டியே என் கணவர் சாமுவேலின் லேத் பட்டறை. சாப்பிட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு எஸ்தரு, பென்சன் ஏத்திப்போட்டாங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு. "நீயே இப்படிப் பண்ணுனா மத்தவங்களச் சொல்லி என்ன பண்றது? அந்தப் புள்ளைக்கு அந்தியூர்க் கதையச் சொல்லிப்போடு" என்றார். துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சின்னவர்கள் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் தற்பெருமை இருக்கும். அது இல்லாததுபோல் நடிக்க எனக்கு வராது.

என் அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். எங்கள் வகையறாவில் படம் வரைவதையே படிப்பாகப் படித்தவள் நான் ஒருத்தி. ஓவியக் கல்லூரியில் சேர்ந்தது, படித்துவிட்டு வேலையில்லாமல் வளையல் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியது, இவரைக் கட்டிக்கொண்டது எல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாம். பயணக் கண்காட்சிக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து சொன்னால் போதும்.

அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அமைப்பு இருந்தது. பெரிய அருங்காட்சியகங்களில் இருந்தும் பேர்பெற்ற ஓவியர்களிடம் இருந்தும் படங்களை வாங்கி, லாரியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் வைப்பார்கள். கொங்குப் பகுதிக்குப் பொறுப்பாளர் வரதராஜன் சார். சென்னைக்காரர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுத்தான் வருவார். ஈரோட்டு வெயிலிலும் கை மடித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய முறைகள் எனக்கு இன்னும் அத்துப்படி. லாரியில் வந்த பெட்டிகளை உடனே திறக்க விடமாட்டார். ஒரு நாள் முழுக்க அவை கூடத்தில் சும்மா நிற்க வேண்டும். "பெட்டிக்கு இந்த ஊர்க் காத்து பழகட்டும்மா. கல்யாணப் பொண்ணு வந்து எறங்கினதுமே மேடையில ஏத்துவாங்களா?" என்பார். மறுநாள் திறக்கும்போது ஒருவர் வெள்ளை நூல் கையுறையோடு படத்தைத் தூக்க, இன்னொருவர் அதை மூலைமூலையாகப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். 'மேல் இடது மூலை, மயிரிழை விரிசல், பழையது. கீழ் விளிம்பு, வண்ணம் உதிர்வு, பழையது.' சொல்லச் சொல்ல மூன்றாவது ஆள் எழுதுவார். 'புதியது' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் சாருக்குச் சோறு இறங்காது.

மாட்டும்போது சுவரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் கண் உயரத்தில் ஒரு நூல் கட்டுவோம். எல்லாப் படங்களின் நடுப்பகுதியும் அந்த நூலில் நிற்க வேண்டும். நூல் கட்டும் முன்பு சார் கேட்பார், "யாரோட கண்ணு?" சென்னையில் அவர்களுக்கு ஓர் அளவு இருந்தது. அதை அவர் இங்கே பயன்படுத்தவில்லை. குழுவிலேயே குள்ளமான என்னைச் சுவரோரம் நிறுத்தி, என் கண் மட்டத்தைவிடச் சற்று மேலே பென்சிலால் கோடு போடச் சொல்வார். "காட்டு வேலைய முடிச்சுட்டு வர்ற பொம்பளைங்க பாக்கணும். அவங்க கழுத்து வலிக்கக் கூடாது" என்பார். பெரிய ஓவியம் என்றால் பெரிய மனிதர்களுக்கு என்று நினைத்திருந்த எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார். 'ம்' என்பார். அவ்வளவுதான் பாராட்டு. ஒருமுறை நான் மாட்டிய சுவரைப் பார்த்து 'ம், சரி' என்றார். அன்று டவுன் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வீடு வந்தேன்.

பிறகு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்துப் போய்விட்டேன். வருடங்கள் கழித்து முனைவர் பட்டம் இருந்தால்தான் மேலே போகலாம் என்ற நிலை வந்தபோது, தலைப்பைத் தேடி நான் அலையவே இல்லை. வெளியூரில் இருந்து வரும் ஓவியக் கண்காட்சி, உள்ளூரில் வரைந்துகொண்டிருப்பவர்களை என்ன செய்கிறது? அதுதான் என் கேள்வி. வரதராஜன் சாரிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நம்ம வேலையப் பத்தி நம்ம பொண்ணே ஆராய்ச்சி பண்றா. நீ எழுதி முடி எஸ்தர். அத வெச்சு ஆடி மாச அந்தியூர்க் கண்காட்சிய நிரந்தரமாக்கச் சொல்லி நான் தலைமையகத்துக்கு எழுதறேன்" என்றார்.

அந்தியூர் அவருடைய செல்லப்பிள்ளை. ஆடி மாதம், நோம்பி என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாவின்போது அங்கே மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவியும். சந்தைக்கு அருகே ஒரு சமுதாயக் கூடம். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சார் அந்த வாரத்தையே தேர்ந்தெடுத்தார். நான் ஆராய்ச்சியைத் தொடங்கும்போது தொடர்ந்து மூன்றாவது ஆடியாக அங்கே கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கல்லூரி வேலையில் இருந்தாலும் மூன்று ஆடியும் நானும் உதவிக்குப் போயிருந்தேன். மாட்டைப் பிடித்த கயிற்றை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து படம் பார்த்தவர்களை நானே கண்டிருக்கிறேன்.

என் வழிகாட்டி பேராசிரியர் சங்கரபாண்டியன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோவையில் எத்தனையோ வருடம் இருந்தும் ஊர்ப் பேச்சை விடாதவர். எதை எழுதிக்கொண்டு போனாலும் அதை எனக்கே உரக்க வாசித்துக் காட்டுவார். ஏற்ற இறக்கமே இருக்காது, ரயில் நிலைய அறிவிப்புப்போல் இருக்கும். அந்தக் குரலில் கேட்டால் நாம் எழுதிய அலங்காரமெல்லாம் அசட்டுத்தனமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் எப்போதும் வெந்நீர். பத்தி சரியாக இருந்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். சரியில்லை என்றால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். சிவப்பு மை அவரிடம் கிடையாது.

பொள்ளாச்சி, தாராபுரம், அந்தியூர் என்று ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஓவியர்களைப் பிடித்தேன். பள்ளி டிராயிங் மாஸ்டர்கள், பெயர்ப்பலகை எழுதுபவர்கள், கோயில் தேருக்கு வண்ணம் அடிப்பவர்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள். எல்லாரிடமும் வினாத்தாள் கொடுத்தேன். எல்லாரும் காபி கொடுத்தார்கள், உட்காரவைத்து உபசரித்தார்கள், அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தார்கள். 'மிக நன்று', 'மிகவும் பயனுள்ளது', 'எங்கள் ஊர் செய்த பாக்கியம்'. மாற்றி எழுதியவர் ஒருவரும் இல்லை. நான் தலைகால் புரியாமல் ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டு போனேன்.

சங்கரபாண்டியன் சார் வாசித்தார். முதல் பக்கத்திலேயே கவிழ்த்துவிட்டார்.

"எஸ்தரம்மா, இந்த ஊர்க் கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு வெளிய வாறவங்ககிட்ட சாப்பாடு எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவாவ?"

"நல்லா இருந்துச்சுன்னு சொல்வாங்க சார்."

"சாம்பார்ல உப்பே இல்லன்னா?"

"பாயசம் அருமைன்னு சொல்வாங்க சார்."

"பெறவு இத்தன தாள வெச்சுக்கிட்டு நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீய? இந்த ஊரு ஆளுவ நல்லவங்கன்னு கண்டுபிடிச்சிருக்கீய. அது எனக்கு வந்த மறுநாளே தெரியும். அதுக்கெல்லாம் பட்டம் குடுக்க மாட்டாவ."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் ஊர் மரியாதையைக் கேலி பேசுகிறார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அழுதேன். சாமுவேல் மட்டும், "அவரு சொல்றதுல ஒண்ணும் தப்பில்லையே. உன் தம்பி ஊட்டுல போட்ட பிரியாணிய நீ என்னன்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுவாரம் சங்கரபாண்டியன் சார் ஒரே ஒரு யோசனை சொன்னார். "கண்காட்சி வராத வருசமாப் பாத்து அங்க போங்க. கண்காட்சியப் பத்தி ஒரு வார்த்த கேக்காதீய. என்ன நெனைக்கியன்னும் கேக்காதீய. என்ன செஞ்சாங்க, எங்க செஞ்சாங்க, அத மட்டும் பாருங்க."

வாய்ப்பு தானாகவே அமைந்தது. அடுத்த ஆடியில் படங்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதால் அந்தியூருக்கு லாரி வரவில்லை. நான் பஸ் ஏறிப் போனேன். சந்தை வழக்கம்போல் ஜேஜே என்று இருந்தது. சமுதாயக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்து எவர்சில்வர் குடங்களை அடுக்கியிருந்தார்.

அங்கிருந்து நாச்சிமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். உள்ளூர் ஓவியர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. தோட்டம் துரவு உள்ள குடும்பம். படிப்பு முடித்து, பெயர்ப்பலகை எழுதி, பிறகு பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்து நன்றாகவே இருந்தார். முறுக்கிய மீசை. தன் கைத்திறமையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சந்தைக்கு வரும் குதிரைகளையும் காளைகளையும் பார்த்து ஹார்டுபோர்டில் எனாமல் பெயிண்டால் ஆளுயரத்துக்கு வரைவது அவர்கள் வழக்கம். பர்கூர் மாட்டின் செம்பழுப்பில் அந்த வெள்ளைத் திட்டுகளை அவர் போடுவதைப் பார்க்க வேண்டும். வரைந்ததையெல்லாம் அதே சமுதாயக் கூடத்தில் நோம்பி முடியும்வரை மாட்டி வைப்பார்கள். உரிமையாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கள் குதிரையின் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். எங்கள் கண்காட்சி வருவதற்கு முன்பு அப்படி.

"வாங்க டீச்சர், வாங்க. ஏனுங்க இப்படித் திடுதிப்புனு? ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அச்சு இயந்திரம் யாருக்கோ பூப்பு நன்னீராட்டு விழா வாழ்த்தைத் துப்பிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு குதிரைக்காரர் வந்தார். துண்டைத் தோளில் இருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க அண்ணா, இந்த வருசமாச்சும் நம்ம குதிரைய வரைவீங்களா?" என்றார்.

"போட்டோ எடுத்துட்டு வாங்க. பெரிசா பிளெக்ஸ் அடிச்சுத் தாரனுங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"பிளெக்ஸ் எதுக்குங்க? செத்தவனுக்கும் பிளெக்ஸ், சடங்கானவளுக்கும் பிளெக்ஸ். உங்க கையில வரைஞ்சது வேணுமுங்க."

"வரைஞ்சா எங்கீங்க மாட்டறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவரும் 'மிகவும் பயனுள்ளது' என்று எழுதிக்கொடுத்தவர்தான். குதிரைக்காரர் போன பிறகு, கடைசியாக எப்போது வரைந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். எங்கள் லாரி முதல்முதலாக வந்த ஆடிக்கு முந்தைய ஆடியைச் சொன்னார். மற்றவர்கள்? ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். டிராயிங் மாஸ்டர் டியூஷன் எடுக்கிறார். இன்னொருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். கூடம் கேட்டு யாரும் போகவில்லை. இந்த வருடம் லாரி வராது என்பதுகூட அவர்களுக்குப் பாத்திரக் கடை வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"கூடத்த ஏனுங்க விட்டுக் குடுத்தீங்க?" என்றேன்.

"அதென்னங்க அப்படிக் கேக்கறீங்க? மெட்ராஸ்ல இருந்து அத்தன தூரம் படத்தக் கொண்டாந்திருக்கறாங்க. ஊட்டுக்கு ஒரம்பரை வந்தா கட்டில அவங்களுக்கு உட்டுப்போட்டு நாம கீழ படுத்துக்கறதில்லீங்களா?"

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. வந்த விருந்தாளி மூன்று வருடமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்பதை அவர் சொல்லமாட்டார். சொல்வது தப்பு என்று வளர்ந்தவர். நானும் அப்படி வளர்ந்தவள்தானே, அதனால்தான் மூன்று வருடமும் அங்கே போய்வந்தும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் அவர் சொன்னார். எங்கள் கண்காட்சியில் இருந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் குதிரையின் வயிற்றடியில் தரையின் வெளிச்சம் எப்படி ஏறும் என்று பிடிபட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் கை காற்றிலேயே வரைந்தது. கற்றுக்கொண்டிருக்கிறார். போட்டுப் பார்க்கத்தான் சுவர் இல்லை.

பழைய வினாத்தாள்களைக் கட்டிப் பரணில் போட்டேன். எல்லா ஊருக்கும் மறுபடி போனேன். போன வருடம் என்ன வரைந்தீர்கள், எங்கே மாட்டினீர்கள், யார் வந்து பார்த்தார்கள்? இவ்வளவுதான் கேட்டேன். பொள்ளாச்சியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே உள்ளூர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு மாடி இருந்தது. எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு அதே வாரத்தில் தங்கள் படங்களையும் மாட்டினார்கள். எங்களைப் பார்க்க வந்த கூட்டம் அவர்களையும் பார்த்தது. அங்கே வரைபவர்கள் பெருகியிருந்தார்கள். அதே லாரி, அதே படங்கள், அதே வரதராஜன் சார். வித்தியாசம் சுவரில்தான் இருந்தது. இதைச் சங்கரபாண்டியன் சார் தன் ரயில் நிலையக் குரலில் முழுக்க வாசித்து முடித்தபோது பிளாஸ்க் காலியாகியிருந்தது.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை வரதராஜன் சாருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடமிருந்து பதில் இல்லை. அந்தியூர்க் கண்காட்சியை அதே வாரத்தில் அதே கூடத்தில் நிரந்தரமாக்கும் கோப்பு அதற்குள் தலைமையகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆய்வேடு தேறினால் அந்தக் கோப்பு தேறாது. ஆய்வேடு விழுந்தால் என் பட்டம் போவது ஒரு பக்கம், அந்தியூரில் இனிக் குதிரை வரைய ஆள் இருக்கமாட்டார்கள்.

வாய்மொழித் தேர்வு எல்லாருக்கும் பொதுவாக நடப்பது. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். முறைப்படி எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். வரதராஜன் சார் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பொத்தான் போட்ட அதே முழுக்கைச் சட்டை. கடைசி வரிசையில் அந்தியூர்க்காரர்கள். வேன் பிடித்து, சலவைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக, ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்திருந்தார்கள். எனக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த மாதிரி படபடப்பு.

தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார். வரதராஜன் சார் எழுந்தார்.

"எஸ்தர், நீ எங்கிட்ட வேலை பார்த்த பொண்ணு. உன் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனா இவங்களே தன் கையால பயனுள்ளதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீ அத ஒதுக்கிட்டே. அப்போ இவங்க பொய் எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்றியா?"

"பொய் இல்லீங்க சார். மரியாதை" என்றேன்.

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு வீண் பேச்சு? அவங்களே இங்க இருக்காங்க. நானே கேக்கறேன்" என்று பின்னால் திரும்பினார். "நாச்சிமுத்து, எழுந்திரிங்க. எங்க கண்காட்சி உங்களுக்குப் பயன்பட்டுச்சா, இல்லையா?"

நாச்சிமுத்து அண்ணன் எழுந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ரொம்பப் பிரயோசனமுங்க சார். நாங்க குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார். வரிசை முழுக்கத் தலையாட்டியது.

தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சங்கரபாண்டியன் சாரைப் பார்த்தேன். அவர் நிதானமாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காப்பாற்ற மாட்டார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது.

"ஐயா, அவரிடம் நானும் கேட்கலாமா?" என்றேன். தேர்வாளர் தலையசைத்தார்.

"ஏனுங்க அண்ணா, இந்த ஆடிக்கு வந்ததுல எந்தக் குதிரை நல்லா இருந்துச்சுங்க?"

அவர் முகம் தெளிந்தது. "ஒரு வெள்ளக் குதிரைங்க டீச்சர். காது ரெண்டும் நுனியில சேர்ந்து நிக்கும். அந்த மாதிரி நான் பாத்ததே இல்லீங்க."

"அத வரைஞ்சீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"மாட்ட எடமில்லீங்களே."

"முன்னெல்லாம் எங்கீங்க மாட்டுவீங்க?"

நாச்சிமுத்து அண்ணன் துண்டை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வரதராஜன் சாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கூடத்துலதானுங்க. அது இவங்களுக்கு உட்டுப்போட்டமுங்க" என்றார். உடனே பதறிப்போய், "சாரை ஒண்ணும் குத்தம் சொல்லலீங்க. அவங்க தங்கமானவங்க" என்றார்.

தேர்வாளர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ சுவர்களில் எத்தனையோ படங்களை நேராக மாட்டியிருக்கிறேன். அந்த நான்கு கேள்விகள் அளவுக்கு எதையும் நேராக மாட்டியதில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வரதராஜன் சார் உட்காரவில்லை. நாற்காலிகளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனார். "மூணு வருஷம்யா. கூடவே நின்னு பெட்டி தூக்கினீங்க. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க நல்லா இருக்குதான்னுதானுங்க சார் கேட்டீங்க" என்றார் நாச்சிமுத்து அண்ணன். "நல்லாத்தானுங்க இருந்துச்சு."

பட்டம் கிடைத்தது. எங்கள் வீட்டு முதல் டாக்டர் என்று சாமுவேல் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். ஊசி போடுவீங்களா அக்கா என்று லேத்காரர்கள் கேட்டார்கள். அதைவிட எனக்குப் பெருமை தந்தது வேறு. அந்தக் கோப்பை வரதராஜன் சாரே திரும்ப வாங்கி, தன் கையால் திருத்தினார். அதன் பிறகு எந்த ஊருக்கு லாரி கிளம்பும் முன்பும், அந்த வாரத்தில் அந்தக் கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் என்ன வைப்பார்கள் என்று விசாரித்தாக வேண்டும்; அவர்கள் மாட்டிய பிறகு மீதி இருக்கும் இடம்தான் கண்காட்சிக்கு. அந்த அமைப்பு இருந்த காலம்வரை இந்த விதி இருந்தது. விதியில் என் பெயர் இல்லை. ஆனால் அது என்னுடையது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த ஆடியில் நானும் சாமுவேலும் அந்தியூருக்குப் போனோம். கூடத்தின் நீளமான சுவர் முழுக்கக் குதிரைகளும் காளைகளும். சென்னைப் படங்கள் உள்ளறையில் கச்சிதமாக நின்றன. டிராயிங் மாஸ்டர் ஒரு காங்கேயம் காளையை வரைந்திருந்தார். திருப்பூருக்குப் போனவரும் வந்திருந்தார். வரதராஜன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீளச் சுவரின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்.

நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை. ஆளுயரம். வயிற்றடியில் புழுதியின் செம்மை ஏறி ஒளிர்ந்தது. அதன் உரிமையாளர் பெருமை தாங்காமல் வருகிறவர்களையெல்லாம் இழுத்து வந்து காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் "அருமைங்க, அருமைங்க" என்றார்கள். நாச்சிமுத்து அண்ணன் மீசையை முறுக்கியபடி என்னிடம் வந்தார்.

"டீச்சர், எப்படீங்க இருக்குது?"

அருமைங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது. விழுங்கினேன். நின்று பார்த்தேன். "வயித்துல வெளிச்சம் பிரமாதமுங்க. பின்னங்கால்தான் சித்தெ கட்டையா இருக்குதுங்க" என்றேன். பக்கத்தில் சாமுவேல் என் முழங்கையைக் கிள்ளினார்.

நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பின்னால் தள்ளிப் போய் ஒருமுறை பார்த்தார். "எனக்கும் உறுத்திக்கிட்டேதானுங்க இருந்துச்சு" என்றவர், உரிமையாளர் "ஐயோ, அண்ணா, என்னங்க பண்றீங்க" என்று கத்தக் கத்த, ஏணியை இழுத்துப் போட்டு ஏறிக் குதிரையைக் கழற்றினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"நாளைக்கு வாங்க டீச்சர். சரி பண்ணி மாட்டிப்போடறேன்."